தாகத்துக்கு ஒரு நினைவுச்சின்னம்

எங்கள் தெருக்குழாயை மூடியது எங்கள்மேல் இருந்த மரியாதையால்தான். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. கல்லில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள், மூன்று மொழியில். சந்தேகம் இருப்பவர்கள் வந்து படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் டான்யி ரிகார்தோ. ஹங்கேரியில் நியார்கூட் என்கிற ஊர் முடிகிற இடத்தில், பழைய செங்கல்சூளைக்குப் போகும் தெருவில் குடியிருக்கிறோம். நாங்கள் சிகான்கள், ஜிப்சி என்பார்களே, அந்த ஜனம். ரோமா என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதற்காக நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன். பொதுவேலைத் திட்டத்தில் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு ஊரைப் பெருக்குவது என் பிழைப்பு. எங்கள் வீடுகளுக்குள் குழாய் கிடையாது. தெருமுனையில், சூளை வாசலை ஒட்டி, ஒரு நீலக்குழாய் நிற்கிறது. இரும்புத் தூண், அதன் தலையில் ஒரு கைப்பிடி. அழுத்தினால் தண்ணீர் கொட்டும், கையை எடுத்தால் நின்றுவிடும். குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை போட, சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஓர் இடம்தான்.

அந்தச் சூளை முற்றத்தில்தான் 1944 இலையுதிர்காலத்தில் இறகுத் தொப்பிப் போலீஸ் எங்கள் ஆட்களை அடைத்து வைத்தது. அப்போது அங்கே ஒரு கிணறு இருந்தது. அதன்மேல் பலகையைப் போட்டு மூடி, பலகைமேல் ஒருத்தன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தைகள் ஈரச் செங்கல்லை நக்கினார்களாம். பிறகு லாரி வந்து நாஜி முகாமுக்கு அள்ளிக்கொண்டு போனது. என் தாத்தாவின் அக்காவும் போனாள், தங்கையும் போனாள், இரண்டு பேரும் வரவில்லை. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. நீலக்குழாயில் வாளி வைக்கிறவர்கள் முதல் கைத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுத்தான் பிடிப்பார்கள். எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், "அவங்களுக்கு" என்போம். கேட்ட பிள்ளையும் ஒரு கை விட்டுவிட்டுப் பிடிக்கும்.

இப்படி இருந்தபோதுதான் புடாபெஸ்டிலிருந்து நினைவு மற்றும் பொறுப்பு மையம் எங்கள் ஊருக்கு வந்தது. அதன் தலைவி டாக்டர் ஹல்மோஷ் கொர்னேலியா. நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுதால் நிஜமாகவே அழுவார். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார். எங்களைப் பற்றி மொத்தமாக ஐந்து புத்தகம் எழுதியிருக்கிறார் என்று சொன்னார்கள். நாங்கள் சொல்வது மட்டும் அவர் காதில் வேறு ஏதோ மொழியாக விழும்.

வசந்தகாலத்தில் ஊர்க் கலாசார இல்லத்தில் கூட்டம் போட்டார்கள். சமூகத்தின் கருத்தைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டோம் என்றார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களிடம் ஒருவர் கருத்துக் கேட்பது என்றால் அது அநேகமாக ஏட்டாகத்தான் இருக்கும், அதுவும் ஊரில் சைக்கிள் ஏதாவது காணாமல் போன அன்றைக்கு. கொர்னேலியா அம்மாள் ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, "சூளை வாசலை நினைச்சா உங்க மனசுல முதல்ல என்ன வருதோ, அதை ஒரே வார்த்தையில எழுதுங்க" என்றார்.

எல்லோரும் தண்ணீர் என்று எழுதினோம். என் மனைவி சபினாவின் அண்ணன் குஸ்தி மட்டும் தண்ணீர் என்று எழுதி, காலையில் கொஞ்சம் வேகமாக வந்தால் நல்லது என்றும் சேர்த்திருந்தான். அந்த அம்மாள் எல்லாக் காகிதத்தையும் சுவரில் ஒட்டிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. இத்தனை காலம் கழிந்தும் இந்தச் சமூகத்தின் ஆழ்மனத்தில் தாகம் அணையாமல் இருக்கிறது என்றார். கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"மாப்ள, ஆழ்மனசுன்னா என்ன?" என்று குஸ்தி என் காதில் கேட்டான். "நான் வாளியைத்தானே சொன்னேன்."

ஜூன் கடைசியில் முடிவு தெரிந்தது. எங்கள் மேயர் திபோல்ட் எர்வின் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வழக்கம்போல, "டேய் ரிகி, எல்லாரையும் வரச் சொல்லுடா" என்றார். வந்தோம். அம்மாள் நீலக்குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். அந்தக் காலத்துக் கிணறு சரியாக இந்த இடத்தில்தான் இருந்ததாம், ஆராய்ந்துவிட்டார்களாம். இங்கே எங்கள் மக்களுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழாய் சளசளவென்று ஓடிக்கொண்டிருப்பது வரலாற்றை அவமதிப்பது. ஆகவே மையம் புதிதாகச் சிலை எதுவும் வைக்கப் போவதில்லை. இந்தக் குழாயையே மூடி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, தாகம் என்று பெயரிடப் போகிறது.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "அப்போ நாங்க தண்ணிக்கு எங்கம்மா போறது?" என்றேன்.

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரிகார்தோ, இதேதான். இங்க வர்ற ஒவ்வொருத்தரும் இந்தக் கேள்வியைத் தனக்குள்ள கேட்டுக்கணும்னுதான் நாங்க ஆசைப்படறோம்."

மேயர் தலையை ஆட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குழாயை மூட அவர் தண்ணீர்க் கட்டணம், சுகாதாரம் என்று பல வருஷமாக என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்தவர். எங்கள் நினைவாகவே மூடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் வாரியத்து ஆட்கள் வந்து அடைத்தார்கள். வியாழக்கிழமை கல்வெட்டும் விளக்கப் பலகையும் வந்தன. பலகையைத் திருகாணி போட்டு முடுக்கும் வேலை பொதுவேலைக்காரனான எனக்கே வந்தது. முடுக்கிக்கொண்டே படித்தேன். 'இப்பகுதி மக்களிடம் முதல் கைத் தண்ணீரை மண்ணுக்கு விடும் வழக்கம் ஒன்று இருந்தது. அவ்வழக்கம் தற்போது முற்றிலும் மறைந்துவிட்டது' என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை நானே விட்டிருந்தேன். அச்சில் வந்துவிட்ட பிறகு நாம் என்ன சொல்வது, இன்னொரு சுற்று முடுக்கினேன்.

அன்றிலிருந்து கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான் கதி. ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்கென்று வைத்த குழாய். காவலாளி விரட்டினால் ஏதாவது ஒரு கல்லறைமுன் மண்டியிட்டுவிட்டு, அவன் திரும்பியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவோம். உடம்பு நோகும், அவமானம் அதைவிட நோகும்.

ஜூலை நடுவில் சபினாவுக்கு நாள் நெருங்குமுன்னாலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை, ஒரு ரொட்டி அளவுக்குத்தான் இருந்தாள். மெலனி என்று பெயர் வைத்தோம். மாவட்ட ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அங்கே என் மகள் கண்ணாடிக்குள், இங்கே குழாய் கண்ணாடிக்குள், நடுவில் நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். மகளாவது தேறிக்கொண்டிருந்தாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், தாய் சேய் நர்ஸ் பிரோஷ்கா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தொட்டிலைத் தட்டிப் பார்த்தார், சபினா வெளுத்து வைத்த துணிகளை மோந்து பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் தண்ணீர் எங்கே என்றார். நான் கையை நீட்டி, நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேற வழி இல்ல, ரிகி" என்றார் அக்கா. "குறைமாசப் புள்ள. பக்கத்துல ஓடுற தண்ணி இல்லாத வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஆகஸ்டு முடியறதுக்குள்ள ஆஸ்பத்திரியில இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அப்போ வேற ஊர்ல வளர்ப்பு வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அங்க போன புள்ளைங்க திரும்பி வர்ற லட்சணம் உனக்கே தெரியும்."

தெரியும். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. சபினா அன்று முழுக்க, வெளுத்த துணிகளையே மறுபடி மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி திறப்பு விழா. ஐரோப்பா முழுக்க எங்கள் ஆட்களை நினைத்துக்கொள்கிற நாள் அது. பூமியே பிளந்துவிடும்போல வெயில். விருந்தாளிகளுக்குப் பந்தல், நாற்காலி, தின்ன பொகாச்சா ரொட்டி. ஒவ்வொரு நாற்காலிமேலும் மையத்தின் முத்திரை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி. எங்கள் தெரு ஜனம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. அழைப்பிதழ் இருந்தவன் நான் ஒருத்தன். பாதிக்கப்பட்டவர்களின் வாரிசு என்று மார்பில் குத்திவிட்டிருந்தார்கள்.

மேயர் முதலில் பேசினார். மற்ற நாளில் வாடா போடா என்கிற வாய் அன்றைக்குத் தாங்கள், தங்கள் என்று ஒழுகியது. "அன்று இங்கே தண்ணீரை மறுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். உத்தரவு எங்கிருந்தோ வந்தது. ஆனால் இன்று இந்தக் குழாயை மூடியது முழுக்க முழுக்க நம் ஊர் மன்றத்தின் சொந்த முடிவு, அதுவும் ஏகமனதாக, என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்" என்றார். தொடர்ந்து, எங்கள் ஊர் ரோமா சகோதரர்களுக்கு எப்போதுமே தனிக் கவனம் செலுத்தி வந்திருப்பதாகவும், அவர்கள் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, குடியிருக்கத் தனித் தெரு, கல்லறைத் தோட்டத்திலும் தனி மூலை என்று எந்தக் குறையும் வைக்கவில்லை என்றும் சொன்னார். தூதரக ஆட்களின் மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அடுத்து கொர்னேலியா அம்மாள். "தாகத்தைப் பற்றிப் பேசுவது எளிது. தாகத்தை உண்டாக்குவதுதான் கடினம். எங்கள் மையம் இந்தத் தெருவில் அதைச் சாதித்திருக்கிறது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நான் முன்பே சொன்னேன், நிஜமாகத்தான் அழுவார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிப்பதற்கென்று மையமே ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தது. நான் குரலற்றவர்களின் குரல் என்று ஆரம்பிக்கும். அதை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், ஒருத்தருக்காவது உறைக்காதா என்று ஒரு நப்பாசை.

"எனக்குப் பேசத் தெரியாது. எங்களுக்குத் தண்ணி வேணும். இந்தக் குழாயைத் திறந்து விட்டுடுங்க. என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா, தண்ணி இல்லேன்னா அவளை எங்ககிட்ட குடுக்க மாட்டாங்க. தயவுபண்ணித் தண்ணி குடுங்க."

இவ்வளவுதான் சொன்னேன். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தட்டி முடித்துவிட்டு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். கொர்னேலியா அம்மாள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். 1944-ஐ இவ்வளவு நேர்மையாக யாரும் பேசித் தான் கேட்டதில்லை என்றார்.

"நான் 1944 பத்திப் பேசலம்மா. இந்த மாசத்தைப் பத்தித்தான் பேசினேன்."

"அதுதான், ரிகார்தோ. காலத்தையே அழிச்சுட்டீங்க."

டிவிக்காரர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். உதட்டை நனைக்காமல் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள். அப்படியும் சொன்னேன். கேட்பவர்கள் யாராவது குழாயைத் திறந்துவிட மாட்டார்களா என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன். ஒலிபெருக்கியை அணைத்ததும் மேயர் என் தோளைத் தட்டி, "டேய் ரிகி, ஜோராப் பேசினே. காலையில வந்து நாற்காலியெல்லாம் அடுக்கிடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

விருந்தாளிகள் போன பிறகு எங்கள் பெண்கள் கயிற்றைத் தாண்டி வந்து, பாதி குடித்துவிட்டுப் போட்ட புட்டிகளையெல்லாம் பொறுக்கினார்கள். அன்று எங்கள் தெருவில் துணி துவைப்பு அமோகம்.

மாசக் கடைசி நெருங்கியது. பிரோஷ்கா அக்கா கடைசித் தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் மையத்துக்குப் போன் செய்தேன். என் உணர்வுகளைப் பதிவு செய்துகொண்டார்கள். மேயரிடம் போனேன், அது இப்போது நினைவுச்சின்னம், தன் கையில் இல்லை என்றார். தண்ணீர் வாரியத்துக்குப் போனேன். மேயர் கையில் என்றார்கள். அப்புறம் நான் யாரிடமும் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, குஸ்தியின் சம்மட்டியை வாங்கிக் கண்ணாடிக் கூண்டை அடித்தேன்.

முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. நல்ல கண்ணாடி, எங்கள் வீட்டு ஜன்னல்போல இல்லை. மூன்றாவது அடியில் பொலபொலவென்று கொட்டியது. குஸ்தி குனிந்து அடியிலிருந்த மூடுதிருகை நெம்பித் திறந்தான். நான் கைப்பிடியை அழுத்தினேன். குழாய் இருமியது, துருவைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. சபினா ஒரு கை பிடித்துத் தரையில் விட்டாள். அப்புறம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பிரோஷ்கா அக்கா வந்தபோது சில்லையெல்லாம் நான் பெருக்கி முடித்திருந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது. அக்கா குழாயைப் பார்த்தார், கூண்டின் வெறும் சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பிடியைத் தானே அழுத்தி முகம் கழுவிக்கொண்டு, ஒரு வாய் குடித்தார். "தண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். "எனக்குத் தண்ணியை மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

மறுநாள் சனிக்கிழமை மெலனி வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு வெகு நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் என்மேல் போட்ட பிரிவைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இனவெறித் தாக்குதல். ரோமா மக்களின் நினைவுச்சின்னத்தை வெறுப்பின் காரணமாகச் சேதப்படுத்தியது.

"சார், நானே சிகான்" என்றேன்.

"சட்டம் யாரை அடிச்சேன்னுதான் கேக்குது. அடிச்சவன் யாருன்னு கேக்கல" என்றார் ஏட்டு.

எங்கள் ஊரில் அந்தப் பிரிவில் போட்ட முதல் வழக்கு என்னுடையதுதான். போன வருஷம் மொட்டைத்தலைப் பையன்கள் கூட்டமாக வந்து, எங்களை அடுப்பில் போட வேண்டும் என்று கத்திக்கொண்டே எங்கள் ஜன்னல்களை உடைத்தார்கள். அதை ஏட்டு கண்ட நேரத்தில் சத்தம் போட்டது என்று எழுதிக்கொண்டார். அப்போது அந்தப் பிரிவு புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லையாம். இப்போது தேடிக் கண்டுபிடித்துவிட்டார், மனுஷன் முன்னேறியிருக்கிறார். எழுதி முடித்ததும், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி என்னை வீட்டுக்கு விட்டார்.

மையம் கண்டன அறிக்கை விட்டது. இருண்ட சக்திகள் மீண்டும் தலையெடுக்கின்றன என்றது. கொர்னேலியா அம்மாள் டிவியில் எங்கள் தெரு மக்களுக்கு ஆறுதல் சொன்னார், பயப்பட வேண்டாம், நாங்கள் உங்கள் பக்கம் இருக்கிறோம் என்றார். அந்த இருண்ட சக்தி கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் களேபரத்தில் ஒரு நல்லது நடந்தது. தண்ணீர் வாரியத்து ஆட்கள் குழாயை மறுபடி அடைக்க வந்தபோது ஏட்டு அவர்களை விரட்டிவிட்டார். குழாய் சாட்சிப் பொருள். குற்றம் நடந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை யாரும் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. சுற்றிலும் பட்டை நாடா கட்டினார்கள். எங்கள் பெண்கள் நாடாவுக்கு அடியில் குனிந்து போய் வாளியில் பிடித்துக்கொண்டு குனிந்து வந்தார்கள். பிடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் குற்றம் நடந்த அன்று காலையும் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

எனக்கென்று அரசு கொடுத்த வக்கீல் சந்தோஷமாக வந்தார். வழக்கைச் சீக்கிரம் முடிக்க வழி கண்டுபிடித்துவிட்டாராம். மையம் நடத்தும் சகிப்புத்தன்மைப் பயிற்சியில் சேர்ந்து, வெறுப்பை விட்டுவிட்டேன் என்று தேறினால் போதும், அரசு வக்கீல் வழக்கை மூடிவிடுவார், சிறை இல்லை.

"மூடினா குழாய் என்னாகும் சார்?" என்றேன்.

"கண்ணாடி போட்டுப் பழையபடி அடைச்சிடுவாங்க. ஒரு களங்கமும் இருக்காது" என்றார்.

சாயங்காலம் தெருவே என் வாசலில் கூடிவிட்டது. குஸ்தி எல்லோருக்காகவும் பேசினான். "மாப்ள, பயிற்சிக்குப் போ. போகாம இருந்தா உள்ள தூக்கிப் போட்டு கேஸை முடிச்சிடுவான். ஆனா நீ மட்டும் பாஸ் பண்ணே, இந்தத் தெருவுல ஒருத்தனும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டான்."

பள்ளிக்கூடத்தில் நான் பாஸ் செய்ததே இல்லை. ஃபெயில் ஆக வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பயிற்சியைக் கொர்னேலியா அம்மாளே நேரில் நடத்தினார். பல வருஷமாக அந்தப் பயிற்சிக்கு நூலகர்களும் டீச்சர்களும்தான் வந்துகொண்டிருந்தார்களாம். எல்லோரும் ஏற்கெனவே நல்லவர்கள், திருத்துவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. இப்போதுதான் அசல் இனவெறியன் ஒருத்தன் கையில் கிடைத்திருக்கிறான். அவருக்குத்தான் உன்னைத் தெரியுமே என்பீர்கள். தெரியும், கட்டிப்பிடித்தவர்தானே. அதை நானும் கேட்டேன். ஆகஸ்டில் பேசிய ரிகார்தோ வேறு, கூண்டை உடைத்த ரிகார்தோ வேறு, ஒரே உடம்பில் பாதிக்கப்பட்டவனும் பாதித்தவனும் இருப்பது ஆராய்ச்சிக்கு அபூர்வம் என்றார். காபி கொடுத்தார், தானே சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

மேசைமேல் ஒரு மணி வைத்திருந்தார். இழிவான சொல் வந்தால் அடிப்பதற்கு. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் சிகான் என்றேன். மணி அடித்தார். என் அப்பா சிகான் வாத்தியக் குழுவில் பிடில் வாசித்தவர் என்றேன். மணி. பாட்டன் காலத்திலிருந்தே நாங்கள் எங்களைச் சிகான் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம், எங்கள் சண்டையிலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான் என்றேன். இரண்டு மணி. உள்ளே வேரூன்றிய வெறுப்பு என்று குறித்துக்கொண்டார். ஃபெயில் ஆவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்படியே பனிக்காலம் வந்தது. அம்மாள் விடவில்லை, பாவம். நான் திருந்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதுபோல. கடைசிப் பாடத்தன்று அறையில் விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு குரலைக் கேட்கப் போகிறோம் என்றார். நினைவுச்சின்னத்தில் இனிமேல் வைப்பதற்காகப் பதிவு செய்ததாம், பொத்தானை அழுத்தினால் ஒலிக்குமாம். பொத்தானை அழுத்தினார். எங்களுக்குத் தண்ணி வேணும், இந்தக் குழாயைத் திறந்து விட்டுடுங்க, என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா என்றது. என் குரல்தான். பின்னணியில் யாரோ பிடில் வாசித்துச் சேர்த்திருந்தார்கள். உதட்டை நனைக்காமல் பேசிய மூன்றாவது தடவையைத்தான் எடுத்திருந்தார்கள்.

என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. அந்த ஆள் கெஞ்சுகிற கெஞ்சலைக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை. அதுவரை ஃபெயில் ஆவதற்கென்று ஏதேதோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

"இதுதான் நீங்க உடைச்ச சின்னத்துக்குள்ள இருக்கற மனுஷன்" என்றார் அம்மாள் மெதுவாக. "இவர் இப்போ உங்க எதிர்ல நின்னா, இவர்கிட்ட என்ன சொல்வீங்க, ரிகார்தோ?"

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தே சொன்னேன். "டேய், இவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்காதே. போய் உடை. உன் பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா. மறுபடி மூடினாங்கன்னா, மறுபடி உடை."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த மாற்றமும் இல்லை என்று எழுதினார். வசந்தகாலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை வழக்கை மூடக் கூடாது என்று தானே அரசு வக்கீலுக்கு எழுதுவதாகச் சொன்னார். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்து, உங்களைக் கைவிட மாட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சபினா அடுப்புப் பக்கத்தில் தகரத் தொட்டியில் மெலனியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை காலை உதைத்து உதைத்துத் தரையெல்லாம் தண்ணீர்.

"என்னய்யா ஆச்சு?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"ஃபெயில்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு காலால் காலி வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"அப்போ இன்னொரு வாளி கொண்டா."